குடியை நிறுத்தச் சொல்வதற்கு முன்னால்: செல்லூர் மெடிக்கல் கடையிலிருந்து

ராத்திரி கடை சாத்தும் நேரத்துக்குத்தான் அந்தக் கேள்வி வரும். கூட்டம் இருக்கும்போது வர மாட்டார்கள். எதிரே டீக்கடை ஓரமாக நின்று, கடைசி ஆள் மாத்திரை வாங்கிப் போகும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்து மெதுவாகக் கேட்பார்கள். "அண்ணே, அவருக்குத் தெரியாம சோத்துல கலந்து குடுக்க ஏதோ மருந்து இருக்காமே?"

நான் 1989ல் மதுரை செல்லூரில் மெடிக்கல் கடை போட்டேன். இந்தக் கேள்வியை எத்தனை பேர் கேட்டார்கள் என்பதற்குக் கணக்கே இல்லை. அதனால் முதலில் இதற்கே பதில் சொல்லிவிடுகிறேன்.

மருந்து இருக்கிறது. பெயர் டைசல்ஃபிராம். குடிக்காமல் இருப்பவரை அது பெரிதாகத் தொந்தரவு செய்யாது. அதைச் சாப்பிட்டவர் குடித்தால்தான் வினை. உள்ளே போன சாராயம் முழுசாக உடையாமல் பாதி வழியில் நின்று, அசெட்டால்டிஹைடு என்கிற நச்சாக ரத்தத்தில் சேரும். முகம் செக்கச் சிவந்து, நெஞ்சு படபடவென்று அடித்து, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் சரசரவென்று இறங்கும். இதயம் பலவீனமானவர் என்றால் உயிரே போகலாம். கடைசி மாத்திரை போட்டு இரண்டு வாரம் வரைக்கும்கூட அதன் வேலை உடம்பில் இருக்கும். டாக்டர்கள் இதைக் கொடுப்பதற்கு முன் ஈரலையும் இதயத்தையும் பார்ப்பார்கள். கடைசியாகக் குடித்து 12 மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேல், சாப்பிடுகிறவருக்கு விஷயம் தெரிந்து, அவர் சரி என்று சொல்லியிருக்க வேண்டும். ஒன்றும் தெரியாத மனிதர் குழம்பு ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு வழக்கம்போல டாஸ்மாக்குக்குப் போனால் என்ன ஆகும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். சுவரொட்டி பார்த்து வாங்கும் பொடிகள் இன்னும் மோசம். அதில் என்ன கலந்திருக்கிறது என்பது விற்கிறவருக்கே தெரியாது.

சரி, கலந்து கொடுக்க வேண்டாம், இன்றையிலிருந்து குடிக்காதே என்று சத்தியம் வாங்கிவிடலாமே என்றால், அதிலும் ஓர் ஆபத்து உண்டு. அதை என் அக்கா வீட்டில் பார்த்தேன்.

அக்கா வீட்டுக்காரருக்குத் தறி வேலை. காலையில் ஒரு கட்டிங் போட்டால்தான் கை நடுங்காமல் தறியில் உட்கார முடியும் என்கிற நிலைக்கு வந்திருந்தார். 2006 கார்த்திகை முதல் தேதி, யாரும் வற்புறுத்தாமல் தானாகவே ஐயப்பனுக்கு மாலை போட்டார். வீட்டில் எல்லாருக்கும் கண்ணீர். நான் என் பங்குக்கு ஒரு அட்டை பி காம்ப்ளெக்ஸ் கொடுத்து, "பல்லைக் கடிச்சுக்கிட்டு நாலு நாள் இருந்திருங்க மச்சான்" என்றேன். மருந்தாளுநர் பட்டயம் வாங்கியவன் சொன்ன யோசனை அது.

முதல் நாள் கை நடுக்கமும் வேர்வையும். இரண்டாம் நாள் ராத்திரி பொட்டுத் தூக்கமில்லை, வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டே இருந்தார். மூன்றாம் நாள் ராத்திரி 2 மணிக்கு அக்கா போன் பண்ணினாள். போய்ப் பார்த்தால், தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறார். எதிரே ஒன்றுமே இல்லை. விரல் நுனியை நாக்கில் தொட்டுக்கொண்டு, கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து, காற்றில் எதையோ பிடித்து முறுக்கி முடிச்சுப் போடுகிறார். அறுந்த இழையைச் சேர்க்கும் அதே கைவாகு. ஒன்று முடிந்ததும் அடுத்தது. "லைட்டைப் போடுடி, எத்தனை இழை போயிருக்கு பாரு, விடிஞ்சா முதலாளி வந்துருவாரு" என்கிறார். லைட் எரிந்துகொண்டுதான் இருந்தது.

மாலை போட்ட ஆள் அல்லவா, பக்கத்து வீட்டார் சாமி வந்திருக்கிறது என்றார்கள். குருசாமியை எழுப்பிக் கூட்டி வந்து விபூதி பூசி, கற்பூரம் காட்டி, 4 மணி நேரம் போய்விட்டது. விடியற்காலை வலிப்பு வந்தது. ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு பெரியாஸ்பத்திரிக்கு ஓடினோம். டியூட்டியில் இருந்த டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வி, "கடைசியா எப்பக் குடிச்சாரு?" மூன்று நாள் ஆயிற்று என்றேன். "டெய்லி குடிச்சவரா? அப்படியே நிறுத்திட்டீங்களா?" என்று கேட்டுவிட்டு என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை. எட்டு நாள் வார்டில் இருந்து பிழைத்து வந்தார்.

நடந்தது இதுதான். பல வருஷமாகச் சாராயம் மூளையை ஒரு பக்கமிருந்து அமுக்கிக்கொண்டே இருக்கிறது. மூளையும் எதிர்ப்பக்கமிருந்து முட்டிக்கொண்டே இருந்து பழகிவிடுகிறது. கதவை இந்தப் பக்கம் அமுக்கிப் பிடித்திருந்தவன் சட்டென்று கையை எடுத்தால், அந்தப் பக்கம் முட்டிக்கொண்டிருந்தவன் தலைகுப்புற விழுவான் இல்லையா, அந்த மாதிரி. கடைசியாகக் குடித்து 6 மணி நேரத்திலிருந்தே கை நடுக்கம் ஆரம்பிக்கும். வலிப்பு வருவதானால் பெரும்பாலும் முதல் 2 நாளுக்குள் வரும். இல்லாத பூச்சியும் இழையும் கண்ணுக்குத் தெரிவது, ஆள் அடையாளம் மாறிப்போவது, காய்ச்சல் எல்லாம் 2 நாள் தாண்டி 4 நாளுக்குள். சிகிச்சை இல்லாவிட்டால் இதில் சாகிறவர்கள் உண்டு. குடித்துச் செத்தார் என்று ஊர் சொல்லும். உண்மையில் குடியை நிறுத்திய விதத்தில் செத்திருப்பார்.

எல்லாக் குடிகாரருக்கும் இப்படி ஆவதில்லை. வாரக் கடைசியில் மட்டும் குடிக்கிறவருக்கு இந்தப் பயம் அநேகமாகத் தேவையில்லை. காலையில் எழுந்ததும் நடுக்கம் தீரக் குடிக்கிறவர், பல மாதமாகத் தினமும் நிறையக் குடிக்கிறவர், முன்பு நிறுத்தியபோது வலிப்பு வந்தவர், வயதானவர், ஈரல் கெட்டவர் ஆகியோரைத்தான் வீட்டில் வைத்து நிறுத்த வைக்கக்கூடாது. மாலை போடுவதை நான் குறை சொல்லவில்லை. குடியை விட நாள் குறிப்பதற்கு அதைவிட நல்ல சாக்கு நம் ஊரில் கிடையாது. மாலை போடுவதற்குப் பத்து நாள் முன்னால் ஒரு தடவை ஆஸ்பத்திரிக்கு வாருங்கள் என்றுதான் சொல்கிறேன்.

போகும்போது ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். ஒரு நாளைக்கு எவ்வளவு, எத்தனை வருஷமாக, கடைசியாகக் குடித்தது எத்தனை மணிக்கு, வலிப்பு வந்ததுண்டா, சுகர், பிரஷர் மாத்திரை என்ன சாப்பிடுகிறார், தூக்க மாத்திரைப் பழக்கம் உண்டா. இதை மனைவியோ மகனோ எழுத வேண்டும். அவரைக் கேட்டால் பாதியாகக் குறைத்துத்தான் சொல்வார். என் மச்சான் "ஒரு குவார்ட்டர்" என்றார். அக்கா பின்னால் நின்று இரண்டு விரலைக் காட்டினாள். அந்த அளவை வைத்துத்தான் நடுக்கமும் வலிப்பும் வராமல் தடுக்கும் மருந்தை டாக்டர் கணக்குப் போடுவார், அப்புறம் நாளுக்கு நாள் குறைத்துக்கொண்டே வருவார். அந்த மருந்துகளே பழக்கம் பிடிக்கக்கூடியவை என்பதால், போன தடவைச் சீட்டைக் காட்டி நம்மிடம் கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்ளக் கூடாது. நானும் தர மாட்டேன்.

இன்னொன்று. ஆள் சோர்ந்து கிடக்கிறாரே என்று தெருமுனையில் ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றிவிடும் வழக்கம் இருக்கிறது. நெடுநாள் குடித்தவர் உடம்பில் தயமின் என்கிற பி1 வைட்டமின் வற்றிப்போயிருக்கும். அதை ஊசியில் கொடுக்காமல் குளுக்கோஸை மட்டும் ஏற்றினால், இருக்கும் கொஞ்சநஞ்ச பி1ம் செலவழிந்து மூளை பாதிக்கப்படலாம், ஞாபகசக்தி திரும்பாமலே போகலாம். தினமும் குடிக்கிறவர் என்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள்.

உளறல் ஏற்கெனவே ஆரம்பித்துவிட்டது என்றால் 108. கயிற்றில் கட்டாதீர்கள், விளக்கை அணைக்காதீர்கள், கூட்டம் போடாதீர்கள். வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வைத்து, தலைக்கு அடியில் துண்டை மடித்து வையுங்கள். வாயில் எதுவும் வைக்கக் கூடாது. கையில் சாவிக்கொத்தைத் திணிப்பதால் வலிப்பு நிற்பதில்லை, தானாக அடங்கும் நேரத்தில் சாவிக்குப் பேர் கிடைக்கிறது, அவ்வளவுதான். குடித்த ஆள் கண் மங்குகிறது, எல்லாம் வெள்ளையாகத் தெரிகிறது என்றால் தூங்கினால் சரியாகும் என்று விடாதீர்கள். அது மெத்தனால் விஷமாக இருக்கலாம். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது அதுதான்.

இனி போதைக்குப் போடும் மாத்திரை. பத்துப் பதினைந்து வருஷம் முன்னால் இதை எழுதியிருந்தால் குடியோடு நிறுத்தியிருப்பேன்.

ஒரு நாள் மத்தியானம் ஓர் அம்மா ஒரு காலி அட்டையைக் கவுண்டர்மேல் வைத்து, "மகன் ஜீன்ஸைத் துவைக்கையில இருந்துச்சுண்ணே, இது எதுக்குப் போடுறது?" என்றார். பத்து மாத்திரை அட்டை, பத்தும் காலி. ஆபரேஷனுக்குப் பிறகு, தாங்க முடியாத வலிக்குக் கொடுக்கிற மாத்திரை அது. மகனுக்கு ஆபரேஷன் எதுவும் நடக்கவில்லை. வயது 19.

கடையில் உட்கார்ந்திருப்பவனுக்கு இது முன்னாலேயே தெரிந்துவிடும். நிஜமாக வலிக்கிறவர் "ஒண்ணு என்ன விலைண்ணே, அஞ்சு மட்டும் குடுங்க" என்பார். பழக்கப்பட்ட பையன் விலை கேட்க மாட்டான். முழு அட்டை கேட்பான். மில்லிகிராம் முதற்கொண்டு சரியாகச் சொல்வான். சீட்டு கேட்டால் கலர் ஜெராக்ஸ் நீட்டுவான். டிரமடால் என்கிற வலி மாத்திரை 2018லிருந்து போதைப்பொருள் சட்டத்துக்குள் வந்துவிட்டது. அதையும் சில தூக்க மாத்திரைகளையும் விற்றால், 2014லிருந்து தனி ரிஜிஸ்டரில் டாக்டர் பெயர், நோயாளி பெயர், எத்தனை கொடுத்தோம் என்று எழுதி 3 வருஷம் வைத்திருக்க வேண்டும். நாங்கள் எழுதுகிறோம். எழுதாமல் விற்கும் கடையும் இருக்கிறது, என் கடையிலிருந்து நடக்கும் தூரத்திலேயே ஒன்று இருந்தது. நான் இல்லை என்று திருப்பி அனுப்பிய பையன் ஐந்தாவது நிமிஷம் அட்டையோடு என் வாசலைத் தாண்டிப் போவான். அந்த வயிற்றெரிச்சலைச் சொல்ல வேறு இடம் இல்லை.

வீட்டில் எதைக் கவனிப்பது? கண்ணின் கருமணி வெளிச்சமில்லாத இடத்தில்கூட ஊசிமுனை மாதிரி சுருங்கியிருப்பது, உட்கார்ந்த இடத்திலேயே தலை தொங்குவது, நாள் கணக்கில் மலச்சிக்கல். மருந்து கிடைக்காத நாளில் இதற்கு நேர்மாறாக மூக்கு ஒழுகும், கொட்டாவி கொட்டாவியாக வரும், உடம்பு முறுக்கி வலிக்கும், வயிற்றால் போகும். வாரம் ஒரு முறை ஜலதோஷம் வந்து, வெளியே போய் வந்ததும் சரியாகிவிடுகிறது என்றால் அது ஜலதோஷம் இல்லை. வெயில் காலத்திலும் முழுக்கைச் சட்டையைக் கழற்றாதவன் கையைப் பாருங்கள். மாத்திரை ஊசியில் ஏற்றுவதற்குச் செய்ததல்ல. அதில் சேர்த்திருக்கும் மாவுப்பொருள் ரத்தக் குழாயை அடைத்துப் புண்ணாக்கும், ஊசியைப் பகிர்ந்துகொண்டால் எச்ஐவியும் மஞ்சள் காமாலைக் கிருமிகளும் கூடவே வரும். டிரமடால் அளவு மீறினால் வலிப்பும் வரும். கஞ்சா என்றால் கண் சிவப்பு, அகோரப் பசி. சில பையன்களுக்குச் சந்தேக புத்தியும் காதில் குரல் கேட்பதும் வந்துவிடும். கூல் லிப்பை இந்தப் பட்டியலில் சேர்க்கலாமா என்று கேட்பார்கள். சேர்க்கலாம். பள்ளிக்கூடப் பையன் உதட்டுக்குள் அடக்கிவைக்கும் நிகோடின் அது. அதை ஏன் நாடு முழுக்கத் தடை செய்யக் கூடாது என்று நம் உயர்நீதிமன்ற மதுரைக் கிளையே 2024ல் கேட்டது.

அந்த அம்மாவிடம் நான் சொன்னது இதுதான். இன்றைக்கே கேட்காதீர்கள், அவன் நிதானமாக இருக்கும் ஒரு காலை நேரத்தில் கேளுங்கள். அப்பா, சித்தப்பா, மாமா என்று பஞ்சாயத்து கூட்டாதீர்கள், ஒருத்தர் பேசினால் போதும். "நீ என்னென்ன பண்ற" என்று ஆரம்பித்தால் பொய்தான் வரும். "இந்த அட்டையைப் பார்த்தேன், எனக்குப் பயமா இருக்குப்பா, நாளைக்குக் காலைல டாக்டர்ட்ட போவோமா" என்று கேளுங்கள். நாளை, காலை, டாக்டர் என்று மூன்றும் அந்தக் கேள்வியில் இருக்க வேண்டும். வெறும் அழுகையோடு நிறுத்தினால் அவனும் அழுவான், சத்தியம் பண்ணுவான், சாயங்காலம் கிளம்பிவிடுவான். கல்யாணம் பண்ணி வைத்தால் திருந்துவான் என்று சொல்லும் சொந்தக்காரரிடம், அவர் பெண்ணைக் கொடுப்பாரா என்று கேட்டுப் பாருங்கள்.

போலீஸ் பயம்தான் பலரை ஆஸ்பத்திரிப் படி ஏறவிடாமல் தடுக்கிறது. 1985ஆம் வருஷத்துப் போதைப்பொருள் சட்டத்திலேயே 64ஏ என்றொரு பிரிவு உண்டு. பழக்கத்துக்கு அடிமையானவர் தானாக முன்வந்து, அரசு நடத்தும் அல்லது அங்கீகரித்த இடத்தில் சிகிச்சை எடுத்தால், பயன்படுத்தியதற்காகவும் சிறிய அளவு வைத்திருந்ததற்காகவும் வழக்குத் தொடர்வதிலிருந்து விலக்கு கிடைக்கும். சிகிச்சையைப் பாதியில் விட்டால் அந்த விலக்கு போய்விடலாம். விற்றவருக்கு இது பொருந்தாது.

எங்கே போவது? மதுரைக்காரர்களுக்குப் பெரியாஸ்பத்திரி இருக்கிறது, ராஜாஜி ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவு. "பைத்தியக்கார வார்டா?" என்று கேட்பார்கள். பேர் எதுவாக இருந்தால் என்ன, அங்கேதான் இதற்குப் படித்தவர்கள் இருக்கிறார்கள். காலையிலேயே போய் ஓ.பி. சீட்டு வாங்குங்கள், பழைய சீட்டுகள், காலி அட்டைகள் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போங்கள். நேரில் போகக் கூச்சமாக இருந்தால் 14446 போதை மறுவாழ்வுக்கான தேசிய இலவச எண். 14416 மனநலத்துக்கான டெலிமானஸ். அதில் தமிழிலேயே பேசலாம். கஞ்சா விற்கும் இடத்தைச் சொல்வதற்கு 10581.

தனியார் மறுவாழ்வு மையம் என்றால் பணம் கட்டுவதற்கு முன் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். உரிமம் உண்டா, டாக்டர் எந்தெந்த நாள் வருகிறார், முதல் வாரத்து நடுக்கத்துக்கு மருந்து கொடுப்பது யார், நீங்கள் அவரைத் தனியாகச் சந்திக்கலாமா என்று கேளுங்கள். "வண்டியோட வந்து தூக்கிட்டுப் போயிருவோம், மூணு மாசத்துக்குப் பார்க்க வராதீங்க" என்று சொல்லும் இடம் வேண்டவே வேண்டாம். 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி நம் பக்கத்து ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகம் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டியிருந்த 28 பேர் ஓட முடியாமல் செத்துப்போனார்கள். 2017ஆம் வருஷத்து மனநலச் சட்டப்படி யாரையும் சங்கிலியில் கட்டவே கூடாது.

எய்ம்ஸ் டாக்டர்கள் செய்து மத்திய அரசு 2019ல் வெளியிட்ட கணக்கு ஒன்று இருக்கிறது. நாட்டில் சுமார் 16 கோடிப் பேர் குடிக்கிறார்கள், அதில் 5.7 கோடிக்கு மேற்பட்டவர்களுக்கு உதவி தேவைப்படுகிறது. குடிக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதாவதொரு சிகிச்சை பெறுகிறார். இந்தக் கணக்கைப் படித்தபோது எனக்கு எங்கள் தெருதான் நினைவுக்கு வந்தது. முப்பத்தெட்டு பேரைத் தேட இரண்டு சந்து போதும்.

வீட்டுக்குத் திரும்பி வந்தபிறகு எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்தோம். என் மச்சான் அதே தை மாதத்தில் ஒரு தடவை சறுக்கினார், அடுத்த வருஷம் கள்ளழகர் ஆற்றில் இறங்கிய அன்று இன்னொரு தடவை. அக்கா இரண்டு முறையும் அவர் சட்டையை வெளியே வீசினாள். மூன்றாவது முறை சண்டை போடவில்லை, மறுநாள் காலை நேராக ஓ.பி.க்குக் கூட்டிப் போனாள். அதுதான் சரி. சறுக்கினால் திரும்ப சிகிச்சை, சுகர் ஏறினால் மறுபடி டாக்டரிடம் போவது மாதிரி. மாத்திரைப் பையன்கள் விஷயத்தில் மட்டும் கூடுதல் எச்சரிக்கை வேண்டும். ஒரு மாதம் விட்டிருந்தவன் பழைய அளவையே மறுபடி எடுத்தால், உடம்பு அந்தப் பழக்கத்தை மறந்திருக்கும், மூச்சே நின்றுவிடலாம். எழுப்பினால் எழவில்லை, குறட்டை வித்தியாசமாக இருக்கிறது, உதடு நீலம் என்றால், ஒருக்களித்துப் படுக்க வைத்து 108 கூப்பிடுங்கள். என்ன எடுத்தான் என்பதை மறைக்காதீர்கள். அதை முறிக்கும் மருந்து ஆஸ்பத்திரியில் இருக்கிறது.

எங்கள் பக்கம் கூலி சனிக்கிழமை. குடியை விட்டவருக்கு வாரத்திலேயே கஷ்டமான இரண்டு மணி நேரம் அதுதான், கையில் பணம், வழியில் கடை, பழைய கூட்டாளிகள். உங்கள் வீட்டில் அது எந்த நேரம் என்று கண்டுபிடியுங்கள், அந்த நேரத்துக்கு ஒரு வேலை வையுங்கள். ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) கூட்டங்கள் பலருக்கு அந்த வேலையைச் செய்கின்றன. குடியை விட்டவர்களே நடத்துவது, காசு கிடையாது, உன் பேர் என்ன ஊர் என்ன என்று துருவ மாட்டார்கள். வீட்டுப் பெண்களுக்கும் அதே மாதிரி தனிக் கூட்டம் உண்டு. அக்கா முதலில் போக மாட்டேன் என்றாள், பிறகு அவர் போகாத வாரம்கூட அவள் போனாள்.

2009லிருந்து மச்சான் தொடவில்லை. சனிக்கிழமை சாயங்காலம் கூலி வாங்கியதும் நேராக என் கடைக்கு வருவார். கவரை என்னிடம் கொடுப்பார், நான் எண்ணி, அக்கா வரும்வரை கல்லாவில் வைத்திருப்பேன். தெருமுனையில் ஒரு டம்ளர் பருத்திப்பால் குடிப்பதற்கு மட்டும் அதிலிருந்து காசு எடுத்துக்கொள்வார். போன வாரம் அப்படிக் குடித்துவிட்டு வந்து ஸ்டூலில் உட்கார்ந்திருக்கும்போதுதான், அந்த 19 வயதுப் பையனின் அம்மா மறுபடி வந்தார். கையில் அட்டை இல்லை, பெரியாஸ்பத்திரிச் சீட்டு இருந்தது. மச்சான் எழுந்து ஸ்டூலை அவரிடம் தள்ளினார்.